"கோர்ட்டுக்குப் போகட்டுமா, அக்கா?" அமெரிக்காவில் வீட்டு வன்முறைக்கு ஆளான பெண்ணுக்கு எந்த வழி?

"அக்கா, கோர்ட் வாசல்ல ஐஸ்காரங்க நிக்கிறாங்களாமே? எனக்கு அடுத்த செவ்வாய் தேதி. போகட்டுமா, விட்டுடட்டுமா?"

இரவு பதினொன்றரைக்கு வந்த செய்தி இது. ஐஸ் என்பது அமெரிக்கக் குடியேற்ற அமலாக்கத் துறை. அனுப்பியவர் எச்-4 விசாவில், அதாவது எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் மனைவிக்குத் தரும் விசாவில், இருக்கும் இளம் தாய். கணவருக்கு எதிராகத் தற்காலிகப் பாதுகாப்பு உத்தரவு வாங்கியிருந்தார். அதை நிரந்தரமாக்கும் விசாரணைக்குத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

கலிஃபோர்னியாவில் வீட்டில் அடிபட்டு வெளியே வரும் தமிழ்ப் பெண்களுக்கு மொழித்துணையாகப் போய்வருகிறேன். 2025 தொடக்கத்திலிருந்து இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை. தங்கைக்காகக் கேட்கும் அக்கா, பக்கத்து அபார்ட்மென்ட்காரர், கோயிலில் பழக்கமானவர் என்று யார் யாரோ கேட்கிறார்கள். நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் ஒரு பெண்ணுக்கு முன்னால் என்னென்ன வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் என்ன விலை என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். வழக்கறிஞரைப் பார்க்கப் போவதற்கு முன் இதைப் படித்துவிட்டுப் போனால், கேட்க வேண்டிய கேள்விகளாவது கையில் இருக்கும்.

## பயத்துக்குக் காரணம் இருக்கிறது

2017 பிப்ரவரியில் டெக்சாஸின் எல் பாசோ நகரில், தன்னை அடித்த துணைவரிடமிருந்து பாதுகாப்பு உத்தரவு கேட்டு ஒரு திருநங்கை நீதிமன்றத்துக்குப் போனார். உத்தரவு கிடைத்தது. வெளியே வரும்போது ஐஸ் அதிகாரிகள் அவரைக் கைது செய்தார்கள். அவர் அன்று அங்கே இருப்பார் என்று அடித்தவரே தகவல் கொடுத்திருக்கலாம் என்று கவுண்டி (மாவட்ட) அரசு வழக்கறிஞர் வெளிப்படையாகவே சந்தேகப்பட்டார். அதே ஆண்டு டென்வர் நீதிமன்றத்தில் ஐஸ் அதிகாரிகள் நிற்கும் காணொளி பரவியதும், நான்கு பெண்கள் தங்கள் வன்முறை வழக்குகளிலிருந்து பின்வாங்கியதாக நகர வழக்கறிஞர் சொன்னார். லாஸ் ஏஞ்சலஸில் லத்தீன் மக்களிடமிருந்து வரும் வீட்டு வன்முறைப் புகார்கள் முந்தைய ஆண்டைவிட 10 சதவீதம் குறைந்துவிட்டன என்றார் அன்றைய காவல் தலைவர் சார்லி பெக். கலிஃபோர்னியாவின் அன்றைய தலைமை நீதிபதி டானி கான்டில் சகாவ்யே, நீதிமன்றங்களில் ஆள்பிடிப்பதை நிறுத்துங்கள் என்று மத்திய அரசுக்குக் கடிதமே எழுதினார்.

2021 ஏப்ரலில் நீதிமன்றக் கைதுகளுக்குக் கடுமையான கட்டுப்பாடு வந்தது. 2025 ஜனவரியில் அது நீக்கப்பட்டது. இப்போதைய விதிப்படி, குறிப்பிட்ட ஒருவர் நீதிமன்றத்துக்கு வருகிறார் என்று தகவல் இருந்தால் ஐஸ் அங்கே போகலாம். ஆனால் பெரும்பாலானவர்கள் கவனிக்காத ஒரு வரியும் அதே விதியில் இருக்கிறது: குடும்ப நீதிமன்றம் போல, குற்ற வழக்குகளே நடக்காத கட்டடங்களிலும் பகுதிகளிலும் கைது நடவடிக்கையைப் பொதுவாகத் தவிர்க்க வேண்டும், அவசியம் என்றால் மேலதிகாரியின் அனுமதி வேண்டும். இது முழுப் பாதுகாப்பு இல்லை. ஆனாலும் எந்தக் கட்டடத்தில் நம் விசாரணை என்பது முக்கியமான கேள்வியாகிறது.

மாநிலச் சட்டங்களும் இருக்கின்றன. நீதிபதி கையெழுத்திட்ட வாரன்ட் இல்லாமல் நீதிமன்றத்தில் குடியேற்றக் கைது கூடாது என்று கலிஃபோர்னியா 2019-இலும் நியூயார்க் 2020-இலும் சட்டம் இயற்றின. வாஷிங்டன், கொலராடோ மாநிலங்களிலும் இப்படிச் சட்டம் உண்டு. டெக்சாஸில் இருக்கும் பெண்ணுக்கு இந்தக் கவசம் இல்லை. அதனால் நியூயார்க்கில் இருக்கும் சிநேகிதி சொன்ன அறிவுரையை டாலஸில் அப்படியே பின்பற்றாதீர்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

ஒவ்வொரு வழியையும் பார்க்கும்போது நான் கேட்கும் கேள்விகள் இவை.

பாதுகாப்பு எத்தனை நாளில் கிடைக்கும்? இன்றிரவா, மூன்று வாரத்திலா, மூன்று வருடத்திலா? கைரேகை எடுக்கப்படுமா? இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் குடியேற்ற விஷயத்தில் எல்லாவற்றையும்விடக் கனமான கேள்வி இதுதான். அவருடைய விசா யாருடைய விசாவோடு கட்டப்பட்டிருக்கிறது? முகவரி கணவருக்குத் தெரியவருமா? தமிழில் பேச முடியுமா? குழந்தைகளும் வாடகையும் என்ன ஆகும்?

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: அந்தப் பெண்ணின் விசா நிலை என்ன? செல்லுபடியாகும் எச்-4, கிரீன் கார்டு, காலாவதியான விசா, அடைக்கல மனு நிலுவை, ஏற்கெனவே நாடுகடத்தும் உத்தரவு என்று ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு. நான் பார்த்த பெண்களில் பலருக்குத் தங்கள் நிலை என்னவென்றே தெரியாது. பாஸ்போர்ட்டும், எந்தத் தேதிவரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94 தாளும் கணவரின் அலமாரியில் பூட்டிக் கிடக்கும். "உன் விசா முடிஞ்சு போச்சு, வெளியே போனா பிடிச்சுட்டுப் போயிடுவாங்க" என்று அவர் சொன்னதையே நம்பிக்கொண்டிருப்பார்கள். உண்மையில் விசா செல்லுபடியாகவே இருக்கும். ஐ-94 பதிவை அரசின் இணையதளத்தில் பாஸ்போர்ட் எண்ணை வைத்து ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஒரு பெண் என் கைபேசியில் அந்தத் தேதியைப் பார்த்துவிட்டு, இரண்டு வருடமாக எதற்குப் பயந்தேன் என்று கேட்டு அழுதது நினைவிருக்கிறது. முதலில் அந்தத் தேதியைப் பாருங்கள். மற்ற எல்லாம் அப்புறம்.

| வழி | பாதுகாப்பு வரும் வேகம் | ஐஸ் கண்ணில் படும் வாய்ப்பு | மறைந்திருக்கும் விலை |
|---|---|---|---|
| நேரில் குடும்ப நீதிமன்றம் | ஓரிரு நாள் | கட்டடம், மாநிலம், விசா நிலையைப் பொறுத்தது | நடைபாதையில் கணவரைச் சந்திப்பது |
| இணைய மனு, காணொளி விசாரணை | ஓரிரு நாள் | மிகக் குறைவு | கைபேசி, மொழிபெயர்ப்பு, தனிமை |
| 911 (அவசர போலீஸ் எண்), குற்ற வழக்கு | அன்றே | இருவரும் கைதானால் அதிகம் | வழக்கு அந்தப் பெண்ணின் கையில் இருக்காது |
| முதலில் குடியேற்ற மனு | மாதங்கள், வருடங்கள் | குறைவு, ஆனால் நிராகரித்தால் சிக்கல் | அடியை நிறுத்தாது |
| ஊருக்குத் திரும்புவது | விமானம் ஏறிய அன்று | இல்லை | குழந்தைக் காவல் |

## நேரில் குடும்ப நீதிமன்றம்

இது சிவில் வழக்கு. பாதுகாப்பு உத்தரவு கேட்கும் மனுவில் விசா நிலையைக் கேட்பதில்லை, அது இருந்தால்தான் உத்தரவு என்ற நிபந்தனையும் இல்லை. கலிஃபோர்னியாவில் டிவி-100 என்ற படிவம், கட்டணம் கிடையாது. மனு போட்ட அன்றோ அடுத்த வேலைநாளிலோ நீதிபதி தற்காலிக உத்தரவு பற்றி முடிவு சொல்லிவிட வேண்டும். ஏறக்குறைய மூன்று வாரத்தில் விசாரணை. அதில் கிடைக்கும் உத்தரவு ஐந்து வருடம் வரை நீளலாம். நியூஜெர்சியில் இறுதி உத்தரவுக்குக் காலாவதியே இல்லை. ஒரு மாநிலத்தில் வாங்கிய உத்தரவு மற்ற மாநிலங்களிலும் செல்லும், அது மத்தியச் சட்டம்.

நேரில் போவதில் ஒரு பலன் இருக்கிறது. நீதிபதி அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கிறார், குரல் நடுங்குவதைக் கேட்கிறார். அங்கேயே சுயஉதவி மையத்தில் படிவம் நிரப்ப உதவுவார்கள். கலிஃபோர்னியாவில் ஒரு துணையாளர் உடன் போகலாம். வழக்கறிஞர் இல்லையென்றால் அந்தத் துணையாளர் அவர் பக்கத்திலேயே மேசையில் உட்காரலாம், ஆனால் அவருக்காகப் பேசக்கூடாது.

விலை எங்கே இருக்கிறது? கட்டடத்தில்தான். குடும்ப வழக்குகளுக்கென்றே தனிக் கட்டடம் இருந்தால் ஒரு மாதிரி. மேல்மாடியில் குற்ற வழக்குகள், கீழே குடும்ப வழக்குகள் என்று ஒரே வாசல் இருந்தால் வேறு மாதிரி. விசாரணை அறிவிப்பில் துறை எண்ணும் தெருப் பெயரும் இருக்கும். அதை வைத்து முதல் நாளே விசாரித்துவிடலாம். வாகன நிறுத்துமிடமும் வாசல் நடைபாதையும் கட்டடத்துக்குள் உள்ள விதிகளுக்கு வெளியே போய்விடலாம் என்பதால், தெருவில் நின்று யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம் என்று சொல்வேன்.

இன்னொரு விலை, நடைபாதையில் கணவர், கூடவே ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார். "ஏம்மா, குடும்ப மானத்தைக் கோர்ட்ல ஏத்துறியே" என்று அங்கேயே ஆரம்பித்துவிடுவார்கள். நீதிமன்றப் பணியாளரிடம் முன்கூட்டியே சொன்னால் தனியாக உட்கார இடம் தருவார்கள், வெளியேறும்போது காவலர் துணைக்கு வருவார்.

எல் பாசோவில் நடந்தது போன்ற கைதுகளுக்குப் பிறகும் ஒரு சட்டப் பிடி உண்டு. பாதுகாப்பு உத்தரவு, குழந்தைக் காவல் போன்ற வழக்குக்காக நீதிமன்றம் வந்தவரையோ, அடைக்கல இல்லத்தில் இருப்பவரையோ அங்கே வைத்துப் பிடித்து நாடுகடத்தல் வழக்குத் தொடுத்தால், அடித்தவர் கொடுத்த தகவலை மட்டும் வைத்து நடவடிக்கை எடுக்கவில்லை என்பது உட்பட, ரகசியக் காப்பு விதிகளை மீறவில்லை என்று அதிகாரிகள் எழுத்தில் சான்றளிக்க வேண்டும். இது கைதைத் தடுக்காது. ஆனால் பின்னால் வழக்கறிஞர் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு. அதனால் எந்த வழக்குக்காக வந்தோம் என்று காட்டும் தாள் கையில் இருக்கட்டும்.

யாருக்கு இது நல்லது: செல்லுபடியாகும் எச்-4, எல்-2 (எல்-1 வேலை விசாக்காரரின் துணைக்கான விசா), கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு. வீட்டில் தனிமையில் பேச இடமில்லாதவர்களுக்கு. குழந்தைக் காவல் சிக்கல் பெரிதாக இருப்பவர்களுக்கு. யாருக்கு வேண்டாம்: நாடுகடத்தும் உத்தரவு ஏற்கெனவே இருப்பவர், பழைய கைது உள்ளவர். இவர்கள் குடியேற்ற வழக்கறிஞரைப் பார்க்காமல் நீதிமன்ற வாசல்படி ஏற வேண்டாம்.

## இணைய மனு, காணொளி விசாரணை

கலிஃபோர்னியாவில் 2021-இல் வந்த சட்டம் பாதுகாப்பு உத்தரவு மனுவை இணையத்தில் கட்டணமில்லாமல் தாக்கல் செய்ய வழி செய்தது. மனுதாரர், துணையாளர், சாட்சி மூவரும் விசாரணைக்குக் காணொளியில் வரலாம். நியூயார்க்கில் பாதிக்கப்பட்டோருக்கு உதவும் மையங்களிலிருந்து மனுவை மின்வழியில் அனுப்பும் ஏற்பாடு அதற்கு முன்பே உண்டு. உங்கள் மாவட்டத்தில் என்ன நடைமுறை என்று எழுத்தரிடம் தொலைபேசியில் கேட்டால் சொல்வார்கள்.

வாசலுக்கே போக வேண்டாம் என்பதால், விசா காலாவதியானவருக்கு நான் முதலில் சொல்லும் வழி இதுதான். ஆனால் இதன் விலையை யாரும் சொல்வதில்லை.

கைபேசியிலிருந்து ஆரம்பிப்போம். குடும்பத் திட்டத்தில் இருக்கும் எண் என்றால் யாருடன் எவ்வளவு நேரம் பேசினார் என்று கணவர் பார்ப்பார். ஐகிளவுட் கணக்கு பொதுவாக இருந்தால் படமும் குறுஞ்செய்தியும் அவர் ஐபேடில் விழும். நீதிமன்ற அறிவிப்புகள் வரும் மின்னஞ்சலின் கடவுச்சொல் அவருக்குத் தெரியும், ஏனென்றால் அதை உருவாக்கிக் கொடுத்ததே அவர்தான். மனு போடுவதற்கு முன் புதிய மின்னஞ்சலை நூலகக் கணினியிலோ நம்பகமானவர் கணினியிலோ உருவாக்குங்கள். காணொளியில் பின்னால் தெரியும் ஜன்னல், சுவரில் மாட்டிய பள்ளிச் சான்றிதழ், இவையே எங்கே தங்கியிருக்கிறார் என்று காட்டிக்கொடுக்கும். வெறும் சுவரைப் பார்த்து உட்காருங்கள்.

அடுத்தது மொழி. இதில்தான் எனக்கு மனம் கனக்கிறது. காணொளி விசாரணை ஒன்றில், மொழிபெயர்ப்பாளர் வேறெங்கோ இருந்து இணைந்திருந்தார். "அவர் என்மேல கை நீட்டினார்" என்றார் அந்தப் பெண். ஆங்கிலத்தில், கணவர் கையை அவர் பக்கம் நீட்டினார் என்று போனது. நீதிபதி குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அந்தப் பெண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. தான் அடிபட்டதைச் சொல்லியாயிற்று என்று நினைத்துக்கொண்டிருந்தார். இலவச சட்ட உதவி வழக்கறிஞருக்குத் தமிழ் தெரியாது. நான் அவருடைய குறிப்புத்தாளில் அந்தச் சொல்லின் பொருளை எழுதிக் காட்டினேன். அவர் அனுமதி கேட்டு அதைத் தெளிவுபடுத்தினார். நேரில் என்றால் முகத்தைப் பார்த்தாவது யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். திரையில் சின்னச் சதுரத்தில் அது தெரியவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு பெண்ணோடும் விசாரணைக்கு முன் உட்கார்ந்து இதைப் பேசுகிறேன். நடந்ததை மாற்றச் சொல்வதில்லை, மறைபொருளாகப் பேச வேண்டாம் என்கிறேன். நாம் அடியைப் பூசிமெழுகியே பேசிப் பழகியவர்கள். "கழுத்தைப் பிடிச்சார்" என்போம். மூச்சு நின்றதா, கண் இருட்டியதா, எத்தனை நொடி என்று சொல்ல மாட்டோம். அமெரிக்கச் சட்டத்தில் கழுத்தை நெரிப்பது மிகக் கடுமையான குற்றம். "கன்னத்தில் அறைந்தார்", "வயிற்றில் உதைத்தார்", "மூச்சு விட முடியவில்லை" என்று உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். இலங்கைத் தமிழ் பேசுபவர்கள் தங்கள் பேச்சு வழக்கு தெரிந்த மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம். கலிஃபோர்னியாவில் இந்த வழக்குகளுக்கு மொழிபெயர்ப்பாளரை நீதிமன்றமே இலவசமாகத் தருகிறது. கணவரையோ மகனையோ மொழிபெயர்க்க விடாதீர்கள்.

யாருக்கு நல்லது: விசா இல்லாதவர்கள், நெடுந்தூரம் உள்ளவர்கள், கணவரை நேரில் பார்த்தால் வாயடைத்துப் போகிறவர்கள், பாதுகாப்பான வேறொரு இடத்தில் தங்கியிருப்பவர்கள். இன்னும் கணவரோடு ஒரே வீட்டில் இருப்பவருக்கு இது ஆபத்து. உதவி அமைப்பின் அலுவலகத்தில் உட்கார்ந்து காணொளியில் சேர முடியுமா என்று கேளுங்கள். பல அமைப்புகள் அறை தருகின்றன.

## 911

உயிருக்கு ஆபத்து என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு 911-ஐ அழையுங்கள். அதில் ஒப்பீடு கிடையாது.

அழைத்தால் அன்றிரவே பாதுகாப்பு கிடைக்கும். கலிஃபோர்னியாவில் காவலர் தொலைபேசியிலேயே நீதிபதியிடம் பேசி அவசர உத்தரவு வாங்குவார். அது அதிகபட்சம் ஏழு நாள் நிற்கும். அந்த இடைவெளிக்குள் குடும்ப நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். பின்னால் சொல்லப்போகும், குற்றத்துக்கு ஆளானவர்களுக்கான யூ விசாவுக்கு வேண்டிய சான்று பெரும்பாலும் இந்த வழியில்தான் கிடைக்கிறது.

விலை கைரேகையில் இருக்கிறது. கைது செய்து காவல் நிலையத்தில் எடுக்கும் கைரேகை எஃப்பிஐ வழியாக உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கும் போகிறது. புகார் கொடுத்தவருக்குக் கைரேகை எடுப்பதில்லை. ஆனால் ஆங்கிலம் சரளமாகப் பேசும் கணவர், "அவள்தான் என்னைக் கீறினாள்" என்று கையைக் காட்டி, பேச வராத மனைவி வாயடைத்து நிற்கும்போது, இருவரையும் கைது செய்துவிடுவதும் நடக்கிறது. காவலர் வந்ததும் முதல் வார்த்தையாக "தமிழ் இன்டர்பிரிட்டர்" என்று கேளுங்கள். அது வரும்வரை கணவரோ பக்கத்து வீட்டுக்காரரோ உங்களுக்காகப் பேச விடாதீர்கள்.

இரண்டாவது விலை, வழக்கு அரசு வழக்கறிஞர் கைக்குப் போய்விடும். பிறகு மனம் மாறினாலும் நிறுத்துவது அவர் முடிவு. கணவர் குடியுரிமை பெறாதவர் என்றால், வீட்டு வன்முறைக் குற்றத்தில் தண்டனையோ, பாதுகாப்பு உத்தரவை மீறினார் என்ற தீர்ப்போ அவரை நாடுகடத்தக் காரணமாகும். அவர் விசா போனால் அதோடு ஒட்டிய எச்-4-உம் போகும். சிவில் பாதுகாப்பு உத்தரவு மட்டும் வாங்கினால் அது நடக்காது. இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். அவர் விசா போய்விடுமே என்று அடிவாங்கிக்கொண்டே இருக்கச் சொல்லவில்லை. உங்களுக்குத் தனி வழி இருக்கிறதா என்று அன்றே வழக்கறிஞரிடம் கேட்கச் சொல்கிறேன்.

ஷெரிஃப் (மாவட்டக் காவல் தலைவர்) அலுவலகம் ஐஸோடு ஒப்பந்தம் போட்டிருக்கும் மாவட்டங்களில் இன்னும் எச்சரிக்கை தேவை. கலிஃபோர்னியாவில் உள்ளூர்ப் போலீஸ் குடியேற்ற வேலை பார்ப்பதை 2017-இலேயே சட்டம் பெருமளவு கட்டுப்படுத்திவிட்டது.

## முதலில் குடியேற்ற மனு, நீதிமன்றம் பிறகு

சிலர் இப்படி நினைக்கிறார்கள்: முதலில் விசாவைச் சரிசெய்துகொள்வோம், பிறகு தைரியமாகக் கோர்ட்டுக்குப் போவோம். நியாயமான யோசனைதான். ஆனால் எந்த மனு யாருக்கு என்பதில் நம் பெண்கள் அடிக்கடி ஏமாறுகிறார்கள்.

கணவர் குடிமகன் அல்லது கிரீன் கார்டு உள்ளவர் என்றால், 1994-இல் வந்த, எல்லோரும் வாவா என்று சொல்லும், பெண்களுக்கு எதிரான வன்முறைச் சட்டத்தின்படி மனைவி கணவருக்குத் தெரியாமல் தானே ஐ-360 மனு போடலாம். கட்டணமில்லை. விவாகரத்து ஆகியிருந்தால் இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். போலீஸ் புகார் கட்டாயமில்லை. நம்பத்தகுந்த எந்த ஆதாரத்தையும் ஏற்பார்கள்: படங்கள், மருத்துவர் குறிப்பு, அம்மாவுக்கு அனுப்பிய குரல்செய்தி, தோழியின் கடிதம்.

கணவர் எச்-1பி என்றால் வாவா மனு போட முடியாது. இதைத் தெரியாமல் பணம் கட்டி ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஐ-765வி என்ற படிவம் வழியாக வேலை அனுமதி கிடைக்கலாம். விவாகரத்தாகியிருந்தால் அதற்கும் இரண்டு வருடக் கெடு. ஆனால் அது வேலை அனுமதி மட்டுமே, தனி விசா நிலை அல்ல. விவாகரத்துத் தீர்ப்பு வந்த அன்றே எச்-4 முடிந்துவிடும். பாதுகாப்பு உத்தரவு வாங்கினால் முடியாது, விவாகரத்தானால் முடியும். இந்த வரியை இரண்டு முறை படியுங்கள். கணவர் ஊரில் ரகசியமாக விவாகரத்து வழக்குப் போட்டிருக்கிறாரா என்றும் விசாரியுங்கள்.

யூ விசா எந்த நிலையில் உள்ளவருக்கும் பொருந்தும். போலீஸோ அரசு வழக்கறிஞரோ நீதிபதியோ, குற்றத்தைக் கண்டுபிடிக்க இவர் உதவினார் என்று கையெழுத்திட்டுத் தர வேண்டும். அந்தக் கையெழுத்துக்கு ஆறு மாதம்தான் ஆயுள், அதற்குள் மனு போட வேண்டும். வருடத்துக்கு 10,000 யூ விசா மட்டுமே தருவதால் வரிசை பல வருடம் நீள்கிறது.

இந்த மனுக்களின் தகவலை வெளியே சொல்லக்கூடாது, அடித்தவர் கொடுத்த தகவலை மட்டும் நம்பி முடிவெடுக்கக்கூடாது என்று 1996-இலிருந்து சட்டம் இருக்கிறது. இது பெரிய பலம். ஆனால் மனு நிலுவையில் இருந்தாலே பிடிக்க மாட்டார்கள் என்று இனி இருக்க முடியாது. பாதிக்கப்பட்டவர்களைப் பிடிப்பதைத் தவிர்க்கச் சொன்ன 2021 கொள்கை 2025 ஜனவரியில் கைவிடப்பட்டது. மனு நிராகரிக்கப்பட்டால் நாடுகடத்தல் வழக்குக்கு அழைப்பாணை வரவும் கூடும். அரைகுறையாக எழுதிய மனு, போடாத மனுவைவிட மோசம். "விசா வேலை பார்த்துத் தருகிறேன்" என்பவர்களிடம் போகாமல், உரிமம் உள்ள குடியேற்ற வழக்கறிஞரிடம் போங்கள். அரசு நிதி பெறும் சட்ட உதவி அமைப்புகள்கூட வன்முறைக்கு ஆளானவருக்கு விசா நிலை பார்க்காமல் உதவலாம் என்று சட்டமே அனுமதிக்கிறது.

என் கருத்து: இந்த வழியை நீதிமன்றத்துக்குப் பதிலாக வைக்காதீர்கள். எந்த மனுவும் இன்றிரவு கதவைத் தட்டுபவரைத் தடுக்காது. அதோடு, பாதுகாப்பு உத்தரவே இந்த மனுக்களுக்கு வலுவான ஆதாரம். வழக்கறிஞரோடு ஒரு மணிநேரம் பேசிவிட்டு, இரண்டையும் சேர்த்தே நடத்துங்கள்.

## ஊருக்குத் திரும்புவது

அம்மா அப்பா சொல்வது பெரும்பாலும் இதைத்தான். குழந்தை இல்லாதவர், இங்கே வேர் விடாதவர் என்றால் இது தோல்வி இல்லை, நல்ல முடிவாகவே இருக்கலாம். 2005-ஆம் ஆண்டு இந்தியக் குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி, தற்போது தங்கியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம். கணவர் அமெரிக்காவில் இருந்தால் சம்மன் போய்ச்சேரவே மாதக்கணக்காகும்.

குழந்தை இருந்தால் நிலைமை வேறு. தந்தையின் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ இல்லாமல் குழந்தையை நாட்டைவிட்டு அழைத்துப்போனால், 1993-ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி அது கடத்தல் குற்றமாக முடியலாம். வன்முறைக்குத் தப்பி ஓடினேன் என்று அந்தச் சட்டத்திலேயே எதிர்வாதம் உண்டு, ஆனால் அதைப் பிறகு நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். டிக்கெட் போடுவதற்கு முன் குழந்தைக் காவல் உத்தரவு வாங்குங்கள். அதற்கும் நீதிமன்றம்தான் போக வேண்டும்.

## உதவப் போகிறவர்களுக்கு

தமிழ்ச் சங்க வாட்ஸ்அப் குழுவில் "ஒரு பெண்ணுக்கு வக்கீல் வேண்டும், சன்னிவேல் பக்கம், இரண்டு குழந்தைகள்" என்று போடாதீர்கள். அந்தக் குழுவில் கணவரின் நண்பர் இருப்பார். தோழியிடம் பேசியதை நீதிமன்றம் கேட்டால் தோழி சொல்லியாக வேண்டும். பயிற்சி பெற்ற வன்முறைத் தடுப்பு ஆலோசகரிடம் பேசியதற்குக் கலிஃபோர்னியாவில் சட்டப்படி ரகசியக் காப்பு உண்டு. நாம் கார் ஓட்டுவோம், குழந்தையைப் பார்த்துக்கொள்வோம், நடந்த கதையைக் கேட்க வேண்டிய இடத்தில் ஆலோசகரை உட்கார வைப்போம்.

நம் மக்களைப் புரிந்த அமைப்புகள் இருக்கின்றன: நியூஜெர்சியில் 1985-இலிருந்து மானவி, நியூயார்க்கில் சகி, சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் மைத்ரி, நாரிகா, சிகாகோவில் அப்னா கர், அட்லாண்டாவில் ரக்ஷா, ஹூஸ்டனில் தயா. தேசிய உதவி எண் 1-800-799-7233, நாள் முழுதும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். முகவரியை மறைக்கப் பல மாநிலங்களில் அரசே அஞ்சல் முகவரி தருகிறது, கலிஃபோர்னியாவில் அதன் பெயர் சேஃப் அட் ஹோம். அதை மனு போடுவதற்கு முன்பே வாங்கிவிட்டால் எல்லாத் தாளிலும் அந்த முகவரியே போகும்.

ஐஸ் அதிகாரி நேரில் வந்தால் அந்தப் பெண் ஓட வேண்டாம், பொய் சொல்ல வேண்டாம், எதிலும் கையெழுத்திட வேண்டாம். "வழக்கறிஞரோடு பேச வேண்டும்" என்பது போதும். துணைக்குப் போனவர் குறுக்கே நிற்காமல் என்ன நடந்தது, எத்தனை மணிக்கு என்று எழுதிவைத்து வழக்கறிஞரை அழைக்க வேண்டும்.

பயமாக இருந்தால் தேதியை மாற்றலாம், ஆனால் சொல்லாமல் போகாமல் இருக்கக்கூடாது. போகாவிட்டால் தற்காலிக உத்தரவு அன்றோடு செத்துவிடும், கணவர் மாலையே வீட்டுக்கு வரலாம். கலிஃபோர்னியாவில் டிவி-115 என்ற தாளை நிரப்பி வேறு தேதி கேட்டு, நீதிபதி ஒப்புக்கொண்டால், புதிய தேதிவரை உத்தரவு பொதுவாக நீடிக்கும்.

இரவு பதினொன்றரைக்குச் செய்தி அனுப்பிய பெண்ணுக்கு இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஐ-94 தேதியைப் பார்த்தோம், இன்னும் பதினான்கு மாதம் இருந்தது. விசாரணை குடும்ப வழக்குகளுக்கான தனிக் கட்டடத்தில். அவர் கைபேசி கணவரின் திட்டத்தில். அதனால் காணொளி வேண்டாம், நேரில் போவோம் என்று அவரே முடிவெடுத்தார். செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கே உள்ளே போய்விட்டோம். மொழிபெயர்ப்பாளரிடம் அவர் "கை நீட்டினார்" என்று சொல்லவில்லை. "வலது கன்னத்தில் மூன்று தடவை அறைந்தார், பெரியவன் பார்த்துக்கொண்டிருந்தான்" என்றார். மூன்று வருட உத்தரவு. எழுத்தரிடம் சான்றிட்ட நகல்கள் வாங்கி, ஒன்றைக் கைப்பையில் வைத்தார், ஒன்றைக் காரில் வைத்தார். மூன்றாவதைப் பள்ளி அலுவலகத்தில் கொடுத்தார். அங்கிருந்த பெண் அதைப் படித்துப் பார்த்து, பையனின் வகுப்பைக் கேட்டு, அவனை அழைத்துப்போக உரிமையுள்ளவர்கள் பட்டியலில் ஒரு பெயரை அடித்தார்.